நாமா, நாங்களா? பேர்ண் வெற்றி பற்றிய மூன்று படைப்புகள்

1954ஆம் ஆண்டு யூலை மாதம் 4ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சுவிற்சலாந்தின் பேர்ண் நகரிலே கொட்டும் மழைக்கிடையில் மேற்கு ஜேர்மனிய உதைபந்தாட்டக் குழு ஹங்கேரியை 3–2 என்ற கோல் கணக்கில் வென்று உலகக் கிண்ணத்தைப் பெற்றது. அவ்வெற்றியை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஹங்கேரியக் குழு நான்கு ஆண்டுகளாகத் தோல்வியறியாதது. 1952இல் ஒலிம்பிக் தங்கம் வென்றது. 1953 நவம்பரில் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6–3 என முறியடித்தது. அதே சுற்றுப்போட்டியின் முதற்கட்டத்திலே, இறுதியாட்டத்திற்கு இரு வாரங்களுக்கு முன்னர், அக்குழு மேற்கு ஜேர்மனியை 8–3 எனத் தோற்கடித்துமிருந்தது. மேற்கு ஜேர்மனியோ 1950ஆம் ஆண்டுப் போட்டியில் சேர்க்கப்படாத நாடு. நாடு தழுவிய தொழில்முறைச் சங்கத்தொடர் ஒன்று 1963 வரை அங்கு இருக்கவில்லை. இறுதியாட்டம் தொடங்கி எட்டு நிமிடங்களுக்குள் ஹங்கேரி இரு கோல்களைப் போட்டது. பத்து நிமிடங்களில் அவை சமன்செய்யப்பட்டன. 84ஆம் நிமிடத்திலே ஹெல்முற் றான் வெற்றிக்கோலை அடித்தார். அதன் பின்னர் புஸ்காஸ் போட்ட கோல் ஓவ்சைட் என மறுக்கப்பட்டது.

தொலைக்காட்சிப் பெட்டிகள் அருகிய காலம் அது. மக்களிற் பெரும்பாலோர் வெற்றியைக் கண்டாரல்லர், கேட்டனர். வானொலி வருணனையாளர் ஹெர்பேட் ஸிம்மர்மான், ஆட்டம் முடிந்தது, ஜேர்மனியே உலகச் சம்பியன் என்று தொண்டை கிழியக் கூவிய குரல் அந்நாட்டினரின் பொது நினைவில் இன்றும் நிலைத்திருப்பது. அக்குரலே இங்கு நோக்கப்படும் மூன்று கலைப்படைப்புகளையும் இணைக்கும் கயிறு எனலாம்: றைனர் வேர்ணர் பாஸ்பைண்டரின் 'மரியா பிறவுனின் திருமணம்' (1979) என்ற திரைப்படம், பிறீட்றிக் கிறிஸ்ரியான் டேலியுஸின் 'நான் உலகச் சம்பியனான ஞாயிற்றுக்கிழமை' (1994) என்ற நெடுங்கதை, ஸொன்க்கே வோட்மானின் 'பேர்ணின் அற்புதம்' (2003) என்ற திரைப்படம். மூன்றும் ஒரே ஆட்டத்தை, ஒரே குரலைக் கையாள்கின்றன. ஆயின் அவை விடையிறுக்கும் வினா வேறுவேறாக அமைகிறது. வென்றவர் யார் என்பதே அவ்வினா.

வெற்றியை அடுத்து மக்கள் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் ஓயாது எடுத்துரைக்கப்படும் கூற்றொன்று உண்டு. உலகில் மீண்டும் நாம் ஒரு பொருட்டாயினோம் என்பது அதன் கருத்து. இதனைத் தமிழிற் பெயர்ப்பவர் முதற் சொல்லிலேயே இடறுவர். ஜேர்மன் மொழியில் தன்மைப் பன்மைக்கு ஒரு சொல்லே உண்டு. தமிழோ முன்னிலையாரையும் உளப்படுத்தும் 'நாம்' என்பதையும், அவரை விலக்கும் 'நாங்கள்' என்பதையும் வேறுபடுத்துவது. வீதியிலே ஆடிப்பாடும் இரசிகன் 'வென்றுவிட்டோம்' என்னும்போது எதிரே நிற்பவரையும் சேர்த்துக்கொள்கிறானா, வெளியே நிறுத்துகிறானா? ஜேர்மன் மொழி மறைத்துவிடும் இவ்வினாவைத் தமிழ் வாசகன் மறைக்க இயலாது. இலக்கண நுணுக்கமாகத் தோன்றும் இது உண்மையில் ஓர் அரசியல் வினா.

1954இல் அதற்கு எளிய விடை இருக்கவில்லை. ஸிம்மர்மான் கூவியது 'ஜேர்மனி' என்றே. வென்றதோ அதன் மேற்குப் பாதி. கிழக்கு ஜேர்மனி வேறொரு அரசு. சார்லாந்துப் பிரதேசமோ தனிக்குழுவாக அதே உலகக் கிண்ணத்தின் தகுதிகாண் ஆட்டங்களில் மேற்கு ஜேர்மனியை எதிர்த்து ஆடித் தோற்றது. 1957இலேயே அது மேற்கு ஜேர்மனியுடன் இணைந்தது. பேர்ண் மைதானத்திலே திரண்டிருந்த ஜேர்மனிய இரசிகர்கள் தேசிய கீதம் இசைக்கப்பட்டபோது, 1952 முதல் அரசவைபவங்களுக்குரியதாகக் கொள்ளப்பட்ட மூன்றாம் பகுதியை விடுத்து, நாஜிக் காலத்து நினைவுகள் படிந்த முதற் பகுதியைப் பாடினர். இரு நாள்களின் பின்னர் மியூனிக்கிலே நடைபெற்ற வரவேற்பில் உதைபந்தாட்டச் சங்கத் தலைவர் பெக்கோ பௌவென்ஸ் பழைய ஜேர்மானியத் தெய்வமாகிய வோட்டானை நினைவுகூர்ந்தும் தலைமைக் கோட்பாட்டினைப் புகழ்ந்தும் பேசவே, அதனை ஒலிபரப்பிக்கொண்டிருந்த பவேரிய வானொலி இடைநடுவில் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. சனாதிபதி தியோடோர் ஹொய்ஸ் அதே மாதத்தில் பேர்ளின் ஒலிம்பிக் அரங்கிலே வீரர்களைக் கௌரவித்தபோது, பந்தை நன்றாக உதைப்பது நல்ல அரசியலாகிவிடாது என்ற கருத்துப்படப் பேசி, கீதத்தின் மூன்றாம் பகுதியையே கூடியிருந்தோர்க்கு நினைவூட்டினார். களிப்பு ஒன்றே, அதற்கு உரிமை கோரியவர்களோ பலர்.

இப்பகைப்புலத்திலே வோட்மானின் படத்தை முதலிற் கொள்ளலாம். காலத்தாற் பிந்தியதெனினும் கருத்தால் அதுவே எளிமையானது. எஸ்ஸன் நகரத்துச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பிலே வாழும் மத்தியாஸ் என்ற சிறுவன் ஹெல்முற் றானின் பையைச் சுமப்பதில் பெருமை கொள்பவன். சோவியத் சிறையிலிருந்து பல்லாண்டுகளின் பின்னர் மீளும் தந்தை றிச்சாட், தான் இல்லாமலே வாழப் பழகிவிட்ட குடும்பத்திலே இடந்தேடித் தவிக்கிறார். மனைவியின் பிறந்தநாள் விருந்துக்காகச் சிறுவனின் முயல்களைக் கொன்றுவிடும் காட்சியும், ஜேர்மன் பையன்கள் அழுவதில்லை என்ற அவரது அதட்டலும் படத்தின் உயிரான பகுதிகள். போர் தோற்ற தலைமுறையின் வன்மமும் வெறுமையும் அங்கே மிகையின்றி வெளிப்படுகின்றன. சிறுவனையும் தந்தையையும் நடித்தோர் வாழ்விலும் மகனும் தந்தையுமே என்பது இங்கு உதவியிருக்கக்கூடும்.

ஆனாற் படம் பேர்ணை நெருங்க நெருங்க யதார்த்தம் நெகிழ்ந்து போகிறது. தந்தையும் மகனும் இரவல் வாகனத்தில் பேர்ண் செல்கின்றனர், கோட்டுக்கு வெளியே வந்த பந்தைச் சிறுவனே றானிடம் கொடுக்கிறான், வெற்றிக்கோல் பிறக்கிறது. குடும்பத்தின் காயமும் நாட்டின் காயமும் ஒரே உதையிலே குணமாகின்றன. வீரர்களை ஏற்றிய சிவப்புப் புகைவண்டி வயல்வெளிகளுக்கூடாகச் செல்ல, உழவர்கள் நின்று கையசைக்கின்றனர். கிழக்கு நோக்கிச் சென்றுவிட்ட மூத்த மகனின் கடிதத்தை வாசித்துத் தந்தை அழுகிறார். அழுகை இப்போது அனுமதிக்கப்படுகிறது. படத்தைப் பார்த்த அந்நாளைய சான்சலர் கேர்ஹாட் ஷ்றோடரும் அழுதாராம்.

இங்கே கவனிக்கவேண்டியது புகைவண்டி எங்கே நிறுத்தப்படுகிறது என்பது. அது மியூனிக்கை அடைவதில்லை. மதுச்சாலையின் உரையும் துண்டிக்கப்பட்ட ஒலிபரப்பும் வண்டி போய்ச்சேரவேண்டிய இடத்திலே காத்திருக்கின்றன. நெறியாளரோ வயல்களின் நடுவிலேயே கதையை முடித்துக்கொள்கிறார். இவ்வாறு வெட்டப்பட்ட களிப்பே 'நாம்' என்ற சொல்லுக்குத் தடையின்றிப் பொருந்துகிறது. இணைந்துவிட்ட ஜேர்மனிக்கு 2003இல் இத்தகைய மாசற்ற தொடக்கக் கதையொன்று தேவைப்பட்டது. அத்தேவையை அங்காடித் தேவையென்று மட்டும் கூறி ஒதுக்குவதும் நீதியன்று. களிப்புற்ற மக்கள் அனைவரும் வோட்டானை வணங்கியவரல்லர். பசியையும் இடிபாடுகளையும் கடந்து வந்தோர்க்கு ஒரு மாலைப்பொழுது மகிழ்ச்சி கிடைத்தது. அம்மகிழ்ச்சியை வோட்மான் மதிக்கிறார். மதிக்கப்பட்டதைக் கழுவித் துடைத்துவிட்டதே அவர் தவறு. அவ்வாண்டு இலையுதிர் காலத்திலேயே வீரர்கள் பலர் மஞ்சட்காமாலையில் வீழ்ந்ததும், குழு அடுத்தடுத்துத் தோற்றதும், ஆரவாரம் தணிந்ததும் இக்கதையில் இடம்பெறா.

பாஸ்பைண்டரின் படத்திலே இரசிகர் கூட்டமே இல்லை. மைதானமும் இல்லை. குரல் மட்டுமே உண்டு. குண்டுகள் விழ, சுவரிலிருந்து ஹிட்லரின் படம் வீழ, நடைபெறும் திருமணத்துடன் கதை தொடங்குகிறது. அரைப் பகலும் ஓர் இரவும் கணவனோடு வாழ்ந்த மரியா, அவனுக்காகக் காத்திருந்தவாறே தொழிலதிபர் ஒஸ்வால்டின் துணையோடு செல்வத்தில் உயர்கிறாள். படத்தின் ஊடே வானொலி இருமுறை அடினோவரின் குரலைத் தருகிறது. முதலில் மீண்டும் ஆயுதம் ஏந்தோம் என்றும், பின்னர் அதற்கு உரிமையுண்டு என்றும். உண்போர் அதனைக் கேட்டதாகவே காட்டிக்கொள்வதில்லை. இதே உத்தி இறுதிக் காட்சியிலே உச்சம் பெறுகிறது. கணவன் ஹேர்மன் திரும்பி வந்துவிட்டான். இறந்துவிட்ட ஒஸ்வால்டின் உயில் வாசிக்கப்படுகிறது. ஒஸ்வால்ட் உயிரோடிருக்கும்வரை மரியாவை விட்டு விலகியிருப்பதாக ஹேர்மன் அவனோடு உடன்படிக்கை செய்திருந்தான் என்பதை அப்போதே அவள் அறிகிறாள். தன் வாழ்வைத் தானே நடத்தியதாக எண்ணியிருந்தவள் இரு ஆடவரிடையே கைமாறிய பண்டம் எனத் தெரியவரும் அவ்வேளையில், பின்னணியில் ஸிம்மர்மான் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களை வருணித்துக்கொண்டிருக்கிறார். மூடப்படாத வாயு அடுப்பிலே மரியா சிகரெற்றைப் பற்றவைக்கிறாள். வீடு வெடித்துச் சிதற, ஜேர்மனி உலகச் சம்பியனாகிறது. விபத்தா தற்கொலையா என்பதைப் படம் சொல்வதில்லை. தொடர்ந்து, நிழற்படங்களின் எதிர்த்தோற்றத்திலே மேற்கு ஜேர்மனியின் சான்சலர்கள் திரையிலே தோன்றுகின்றனர். வில்லி பிராண்ட் மட்டும் அவ்வரிசையில் இல்லை.

அக்களிப்பிலே மரியாவுக்கு இடமில்லை என்பதே பாஸ்பைண்டரின் தீர்ப்பு. அவர் கேட்பது 'நாம்' அன்று, 'நாங்கள்'. இத்தீர்ப்பு மிகையன்று என்பதற்கு வரலாற்றிலே சான்றுண்டு. பேர்ண் வெற்றிக்கு அடுத்த ஆண்டு, 1955 யூலையில், அதே ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்கள் பெண்களுக்கு உதைபந்தாட இடமளிக்கலாகாதெனத் தடைவிதித்தது. 1970இலேயே அத்தடை நீங்கியது. பாஸ்பைண்டர் இதனைப் படத்திலே குறிப்பிடவில்லை. குறிப்பிடவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. வோட்மானின் படத்திலே பத்திரிகையாளரின் மனைவி மைதானத்திலிருந்து உற்சாகக் குரல் எழுப்புவது நகைச்சுவைக்குரிய சிறு பாத்திரமாகவே அமைந்துவிட, பாஸ்பைண்டரிடம் ஒரு பெண்ணின் மௌனமே ஆட்டத்தின் முடிவாகிறது. உருவமும் உள்ளடக்கமும் இவ்வளவு இறுகப் பிணைந்த இறுதிக் காட்சிகள் திரைப்படத்துறையிலே அதிகமில்லை.

எனினும் ஒரு குறையைச் சொல்லவேண்டியுள்ளது. பாஸ்பைண்டருக்குக் களிப்பு என்பது இரைச்சல் மாத்திரமே. வானொலியைச் சூழ்ந்து, மதுச்சாலைகளிலும் கடை வாயில்களிலும் நின்று கேட்ட சாதாரண மனிதரின் முகம் அவருடைய படத்திலே ஒரு கணமேனும் தெரிவதில்லை. மக்கள் ஏமாற்றப்பட்டனர் என்று கூறுவது எளிது. ஏமாற்றப்பட்டவரின் மகிழ்ச்சி அவருக்கு உண்மையாயிருந்ததே, அது எதனால் ஆனது என்று கேட்பதே கடினம். நம்மிடையே முற்போக்கு விமர்சனமும் சிலவேளைகளில் இவ்விடத்திலேயே அவசரப்பட்டுள்ளது.

அக்கடினமான வினாவை எடுத்துக்கொண்டவர் டேலியுஸ். 1943இற் பிறந்து 2022இல் மறைந்த இவர், ஹெசன் மாநிலக் கிராமமொன்றிலே புரட்டஸ்தாந்து மதகுருவின் மகனாகத் தாம் வளர்ந்த நினைவுகளையே கதையாக்கியுள்ளார். பதினொரு வயதுச் சிறுவன், திக்குவாய், தோலிலே செதிலுதிரும் நோய். ஞாயிறு காலையில் ஆலய மணியோசையில் விழிப்பதும், தந்தையின் பிரசங்கமும், மதிய உணவு மேசையின் ஒழுங்கும் பக்கம் பக்கமாக விரிகின்றன. ஆட்டத்தையே எதிர்பார்ப்பவர்க்கு இது பொறுமையைச் சோதிக்கும். ஆனால் இந்தச் சுமை வாசகன்மேல் ஏறிய பின்னரே மாலையில் தந்தையின் அலுவல் அறையிலே வானொலியின் முன் சிறுவன் அமரும்போது நேர்வதன் கனம் விளங்கும். வருணனையாளர் கோற்காவலர் ரூறெக்கை உதைபந்தாட்டக் கடவுள் என்று அழைக்கிறார். கடவுள் என்ற சொல் தந்தைக்கு மட்டுமே உரியதாயிருந்த வீட்டிலே அச்சொல் வேறொருவருக்குப் போய்ச்சேர்கிறது. சிறுவன் நடுங்குகிறான், மகிழவும் செய்கிறான். சொல் வராது தவிக்கும் நாவினன் ஒருவனுக்கு, தங்குதடையின்றிக் கொட்டும் அக்குரல் தன் வாயிலிருந்தே பிறப்பதுபோலத் தோன்றுகிறது.

தலைப்பை மீண்டும் நோக்குக. உலகச் சம்பியனானது நாடு அன்று, 'நான்'. நாடு முழுவதும் 'நாம்' என்று கூவிய நாளிலே தனித்த அறையொன்றில் ஒருவன் தன்மை ஒருமையைக் கண்டடைகிறான். ஓர் இரசிகனின் களிப்பிலே தேசியம் மட்டுமன்று, தேசியத்தால் விளக்கிவிட முடியாத மீறலும் கலந்திருக்கும் என்பதை டேலியுஸ் உணர்ந்திருக்கிறார். கூட்டத்தோடு கூவுபவன் ஒவ்வொருவனும் தன் வீட்டிலிருந்து, தன் தந்தையிடமிருந்து, தன் திக்கலிலிருந்து சிறிது நேரம் தப்பி வந்தவன். அவனது விடுதலை உணர்வைத் தனதாக்கிக்கொள்ளவே பௌவென்ஸ் போன்றோர் மேடையேறுகின்றனர். வோட்மான் அந்த விடுதலையை மட்டும் கண்டார், பாஸ்பைண்டர் மேடையை மட்டும் கண்டார்.

டேலியுஸின் கதையிலும் சறுக்கல்கள் இல்லாமலில்லை. சிறுவனின் நோய்களெல்லாம் தந்தையின் அதிகாரத்திற்குக் குறியீடுகளாக அளவுக்கு மீறி உழைக்கின்றன. பதினொரு வயதினனைத் தேர்ந்தெடுத்ததால் 1945க்கு முந்திய பொறுப்பு என்ற வினா கதையின் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது என்ற குற்றச்சாட்டும் எழக்கூடும். அதே மாலையிலே நாற்பது வயதினன் ஒருவன் கேட்ட வானொலி எத்தகையது என்பதை எழுத வேறொரு கதை வேண்டும். ஆயினும் ஆட்டம் முடிந்து வானொலி அடங்கிய பின்னரும் அந்த அறை தந்தையின் அறையாகவே இருக்கிறது என்பதை இக்கதையின் வாசகன் மறக்கமாட்டான்.