இரவல் நகையும் சொல்லாத சொல்லும்

விழுப்புரம், திண்டிவனம் கடைவீதிகளில் நடந்து செல்பவர்களுக்குச் ‘சிதம்பரம் கவரிங்’ என்னும் சொல் புதிதன்று. கண்ணாடிப் பேழைக்குள் மின்னும் அந்த மாலைகளைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால், பொன் எது, பூச்சு எது என்று பழகிய கண்ணுக்கும் எளிதில் புலப்படாது. நிக்காஹ் வீடுகளுக்குச் செல்லும் நம் பெண்கள் அவற்றை அணிவதும், அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் உறவினரிடம் நல்ல நகையை இரவல் வாங்கி அணிவதும் நாம் அறிந்தவையே. எனவே, இரவல் நகை ஒன்றைக் கருவாகக் கொண்டு பிறந்த உலகப் புகழ்பெற்ற சிறுகதை நம் இல்லங்களுக்கு அந்நியமானதாக இருக்க முடியாது. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘வைர அட்டிகை’ என்னும் கதையைத்தான் குறிப்பிடுகிறேன்.

1884ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரிஸ் நாளேடு ஒன்றில் இக்கதை வெளிவந்தது. அப்போது விழுப்புரத்திலிருந்து பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு இரயில் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மற்றொரு தொடர்பும் உண்டு. புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சுக் குடியேற்றங்களைப் பாரிஸிலிருந்து நிர்வகித்தது கடற்படை, குடியேற்ற அமைச்சகம். 1870களில் அதில் எழுத்தராக இருந்தவர்தான் மாப்பசான். பின்னர் அவர் கல்வி அமைச்சகத்துக்கு மாறினார். தம் கதைநாயகியின் கணவரையும் அதே கல்வி அமைச்சகத்தின் எழுத்தராகவே படைத்தார். குறைந்த ஊதியத்தில் வெள்ளைச் சட்டையின் மானத்தைக் காக்க வேண்டிய நடுத்தர வாழ்வின் நெருக்கடியை அவர் அனுபவித்தே எழுதினார் என்பதற்கு இதுவே சான்று.

கதை சிறியது. அழகி மதில்டா எழுத்தர் லுவாசெலுக்கு வாழ்க்கைப்பட்டவள். செல்வர் வீட்டில் பிறக்கவில்லையே என்று ஏங்குபவள். அமைச்சர் அளிக்கும் விருந்துக்கு அழைப்பு வருகிறது. துப்பாக்கி வாங்கக் கணவர் சேர்த்து வைத்திருந்த 400 பிராங்க், அவளுடைய ஆடைக்குச் செலவாகிறது. பள்ளித் தோழி பொரெஸ்தியே அம்மையாரிடம் வைர அட்டிகையை இரவல் வாங்கிச் செல்கிறாள். விருந்தில் எல்லார் கண்களும் அவள்மீதே. வீடு திரும்பியதும் பார்த்தால் கழுத்தில் அட்டிகை இல்லை. அதே போன்ற மற்றொன்றை 36,000 பிராங்க் கொடுத்து வாங்கித் தோழியிடம் சேர்க்கிறார்கள். தந்தை விட்டுச்சென்ற 18,000 போக, மீதி முழுவதும் கடன். பத்து ஆண்டுகள் உழைத்துக் கடனைத் தீர்த்த பின்னர் ஒருநாள் தோழியைச் சந்திக்கும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. இரவல் கொடுத்தது போலி அட்டிகை; அதிகம் போனால் 500 பிராங்க் பெறும்.

பகட்டுக்குக் கிடைத்த தண்டனை என்றே இக்கதைக்குப் பொதுவாகப் பொருள் கூறுவர். ஆங்கிலப் பாடம் நடத்துவோரும், தேர்வுக்கு விடை எழுதுவோரும் அத்துடன் நிறுத்திக்கொள்கின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். திண்டிவனத்தில் உறவினர் இல்லத்தில், நிக்காஹ் முடிந்த மறுநாள், வீட்டுப் பெண்கள் கூடியிருந்த வேளையில் இக்கதையைச் சொல்ல நேர்ந்தது. நகை தொலைந்த இடத்துக்கு வந்ததும், அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நன்னி நிமிர்ந்து பார்த்து, “தொலைஞ்ச அன்னிக்கே போய்ச் சொன்னா என்ன?” என்று கேட்டார். முடிவு என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆயினும் கதையின் உயிர்நிலையை அவர் தொட்டுவிட்டார். அன்றிரவு கதையை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

சொல்லவில்லை, அதுதான் கதை. கொக்கி உடைந்துவிட்டது, பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறோம் என்று தோழிக்குக் கடிதம் எழுதுமாறு கணவர் கூறுகிறார். அவர் சொல்லச் சொல்ல மதில்டா எழுதுகிறாள். தேடிப் பார்க்க அவகாசம் வேண்டி எழுதிய அந்த ஒரு வரிப் பொய்யின் விலைதான் பத்து ஆண்டுகள். புதிய அட்டிகையைத் திருப்பிக் கொடுக்கும்போதும் அவள் அஞ்சுவது, தோழி பேழையைத் திறந்து மாற்றத்தைக் கண்டுவிட்டால் தன்னைத் திருடி என்று எண்ணிவிடுவாளோ என்றுதான். தன் நிலையிலுள்ள அண்டை வீட்டுப் பெண்ணிடம் வாங்கியிருந்தால், அழுதுகொண்டே போய்ச் சொல்லியிருப்பாள். எதிரே இருப்பவள் செல்வச் சீமாட்டி. ஏழையின் சொல்லைவிட ஏழையின்மீது எழும் ஐயமே வலிமை வாய்ந்தது என்பதை அவள் அறிவாள். ஆக, அவள் வாயைக் கட்டியது பகட்டு மட்டுமன்று, வர்க்கமும்தான்.

நகை கைநழுவிய தருணத்தை நோக்குவோம். விருந்து முடிந்து விடியற்காலை நான்கு மணிக்கு வெளியேறுகையில், கணவர் அவள் தோளில் அன்றாடம் அணியும் எளிய மேலாடையைப் போர்த்துகிறார். விலையுயர்ந்த மென்மயிர் ஆடைகளை அணிந்த மற்றப் பெண்கள் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று அவள் படியிறங்கி விரைகிறாள். சற்றுப் பொறு, வண்டி பிடித்து வருகிறேன் என்று கணவர் சொல்வது அவள் செவியில் விழவில்லை. எந்த இடத்தில் அட்டிகை விழுந்தது என்று மாப்பசான் சொல்லவில்லை. இந்த ஓட்டத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்கிறார். வைரத்தை அணிந்த பெருமிதத்தைக் காட்டிலும், பழைய மேலாடையை அணிந்த வெட்கமே அவளை அங்கே விரட்டுகிறது. இவ்விரண்டும் வேறு வேறு என்பதை உணராதவர், இக்கதையைப் பாதியே படித்தவர்.

பொரெஸ்தியே அம்மையாரை ஆய்வாளர்கள் பெரும்பாலும் எளிதில் விட்டுவிடுகின்றனர். நகைப்பெட்டியைத் திறந்து, விரும்பியதை எடுத்துக்கொள் என்று பெருந்தன்மையாகச் சொன்னவள், இது போலி என்று மட்டும் சொல்லவில்லை. செல்வர் வீட்டுப் பேழையிலும் போலி இருந்தது. அதை மெய்யென்று பிறர் எண்ணட்டும் என்ற மௌனமும் இருந்தது. நகை திரும்பி வந்தபோது, முன்பே கொண்டுவந்திருக்கலாமே என்று முகம் சுளித்தாளேயன்றிப் பேழையைத் திறந்தும் பார்க்கவில்லை. இருவர் செய்ததும் ஒரே பிழை. ஒருத்திக்கு அது பத்து ஆண்டுத் துன்பமாயிற்று; மற்றவளுக்கோ 36,000 பிராங்க் பெறும் வைரமாயிற்று.

அந்தத் தம்பதியரை நான் இகழத் துணியமாட்டேன். வேலைக்காரியை நிறுத்திவிட்டு, கூரைக்கடியில் ஓர் அறைக்குக் குடிபெயர்ந்து, பாத்திரம் துலக்கி, துணி வெளுத்து, தண்ணீர் சுமந்து, காசு காசாகப் பேரம் பேசி மதில்டா வாழ்கிறாள். கணவர் இரவெல்லாம் கண்விழித்துப் பக்கத்துக்கு இத்தனை காசு என்று பிரதி எடுக்கிறார். வட்டிக்காரர் உட்பட அனைவரின் கடனும் தீர்கிறது. 500 பெறும் பொருளுக்கு எழுபத்திரண்டு மடங்கு கொடுத்த நாணயம் அது. பொருளில் இத்தனை நேர்மையாளர்கள், ஒரு சொல்லில் தவறினார்கள். கடன் தீர்ந்து, அழகும் போய், இழப்பதற்கு ஏதுமில்லாத நாளில்தான் அவள் தோழியின் முன் நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்கிறாள். மறைக்க வேண்டிய பகட்டு நீங்கியதும், மெய் தானே நாவில் வந்துவிட்டது.

அமானிதம் என்னும் சொல் நம் இல்லங்களில் வழங்குவது. ஒப்படைக்கப்பட்டதை உரியவரிடம் சேர்க்குமாறு திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், 58ஆம் வசனம் பணிக்கிறது. இரவல் வாங்கிய பொருள் தொலைந்தால் வாங்கியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது பொதுவாக ஷாஃபியீ மத்ஹபின் நிலை. அவர் அத்துமீறவோ அசட்டையாக இருக்கவோ இல்லையெனில் ஈடு இல்லை என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. எவ்வழியில் தீர்ப்பதாயினும், பொருளின் மதிப்பையும் இழப்பின் விதத்தையும் இருதரப்பாரும் அறிந்தாக வேண்டும். அதற்கு முதற்படி, உடையவரிடம் சென்று சொல்வதே. நன்னி கேட்ட கேள்வி அந்த முதற்படியைப் பற்றியது.

திடீர்த் திருப்பம் வைத்து முடித்த உத்திக் கதைதானே இது என்று சிலர் குறை கூறுவதுண்டு. ‘நகைகள்’ என்னும் வேறொரு கதையில், 1883இலேயே, மாப்பசான் இதை மறுதலையாக எழுதிப் பார்த்தார். மனைவி போலியென்று சொல்லிச் சேர்த்த நகைகள் அனைத்தும் மெய்யானவை என்று அவள் இறந்த பின் கணவன் அறிகிறான். அங்கும் பேசாமல் விட்டதுதான் பின்னால் வெடிக்கிறது. கல் மெய்யா போலியா என்பதினும், மனிதர் ஒருவருக்கொருவர் மறைத்தது என்ன என்பதே அவர் நாட்டம். ஆதலால்தான் முடிவு தெரிந்த பின்னரும் ‘வைர அட்டிகை’யை மீண்டும் படிக்க முடிகிறது.

வாசக அன்பர்கள் இதை வீட்டாருடன் அமர்ந்து படிக்க வேண்டுகிறேன். அடுத்த நிக்காஹுக்கு ஒரு பெண் தயங்கித் தயங்கி நகை கேட்டு வரும்போது, கொடுப்பவர்கள் அது பொன்னா கவரிங்கா என்பதையும் சொல்லிக் கொடுக்கட்டும். தொலைந்தால் அஞ்சாமல் வந்து சொல்லம்மா என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். மதில்டாவுக்கு அப்படிச் சொல்வார் எவருமில்லை.