கயிறும் வாருபலகையும்: முத்துக்குளித்துறைப் புனைகதைகளின் மாந்தர்கள்

நாவலை வைத்து ஆய்வேடு எழுதும் மாணவர்கள் கையில் ஒரு பழைய வாய்பாடு இருக்கிறது. முதல் இயலில் ஆசிரியர் வாழ்வும் பணியும், அடுத்ததில் கதைக்கரு, பிறகு தலைமை மாந்தர், துணை மாந்தர், கடைசியில் முடிவுரை. இந்த வாய்பாட்டில் போட்டால் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலின் குரூஸ் மிக்கேல் ‘பிடிவாதக்காரர்’ என்று வெளியே வருவார். பிலோமி ‘மென்மையான உள்ளம் கொண்டவள்’ ஆகிவிடுவாள். இரண்டும் தவறில்லை. ஆனால் எங்கள் பக்கம் புதிய ஆள் ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது குணத்தைக் கேட்பதற்கு முன்னால் “என்ன சோலி பாக்காரு?” என்றுதான் கேட்பார்கள். முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையின் கதைமாந்தரையும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் படித்தால்தான் பிடி கிடைக்கும் என்பது என் எண்ணம்.

எங்கள் மாப்பிள்ளையூரணி தூத்துக்குடிக்கு வடக்கே, நகரத்தோடு ஏறக்குறைய ஒட்டிப்போன ஊர். தருவைகுளம் போகிற சாலையில் நின்றால் ஒரு பக்கம் கடல்காற்று, இன்னொரு பக்கம் கீற்று வேய்ந்த உப்பு அம்பாரம். தெற்கே துறைமுகம். மீன்பிடி, உப்பு, துறைமுகம் என்ற மூன்று தொழிலும் கண்ணெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய நாவல்களோ ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் நிற்கின்றன. இந்தக் கட்டுரைக்கு அந்த விலகல்தான் காரணம்.

அச்சில் வந்த கதைமாந்தரைத் தேடினால் இக்கரைக்கு ஓர் அரிய முன்வரலாறு உண்டு. யேசுசபைத் துறவி ஹென்றிக் ஹென்றிகஸ் இக்கரைக் கிறித்தவர்களுக்காக எழுதிய ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறியது. இக்கரை மீனவர்களான பரதவர்கள் மதம் மாறி ஐம்பது ஆண்டுதான் ஆகியிருந்த காலம். அவர்களுக்கு முதலில் கிடைத்த அச்சுக்கதைகளின் மாந்தர்கள் வேற்று நாட்டுப் புனிதர்கள். தங்கள் ஊர்க்காரனை, தங்கள் பேச்சில், முழுநீள நாவல் ஒன்றில் பார்க்க அவர்கள் ஏறத்தாழ நானூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படி வந்த நாவல்களிலும் முத்து நடுவில் இல்லை. இது வியப்புதான். கொற்கையில் குற்றவாளிகளை வைத்து முத்தெடுத்ததாக முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான ‘பெரிப்ளூஸ்’ சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளுக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. அதை ஏலம் விடுவார்கள். கல்லைக் காலில் மாட்டி இறங்குகிறவனின் கயிறு மேலே இருப்பவன் கையில். அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், தங்கச்சி தாலி என்றால் கை சோராது என்று இங்கே சொல்வார்கள். குளியாட்கள் ஏறிவரும்வரை சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருந்தார். மந்திரம் பலிக்காத நாளில் அவர் நிலை என்ன? ஒரு நாவலுக்கு இது போதும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. 1973இல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையத்தார் சிப்பியை வளர்த்தே முத்து எடுத்துக் காட்டினார்கள். அதற்குள் குளியாள் சங்கு குளிக்கப் போய்விட்டான். முத்துக்குளிப்பவரை உலக மேடையில் ஏற்றியவர் 1863இல் இலங்கைக் கரையைக் கற்பனை செய்து இசைநாடகம் அமைத்த பாரிஸ்காரர் பிசே. நாவலில் ஏற்றியவர் 1947இல் மெக்சிகோக் கரையை எழுதிய ஸ்டைன்பெக். நம்மவர்கள் எழுதத் தொடங்கியபோது முத்து பழங்கதையாகிவிட்டது. அவர்கள் மீனையும் தோணியையும் எழுதினார்கள்.

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. களம் மணப்பாடு. வள்ளக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் பகை முற்றிக்கொண்டிருக்கிறது. வாத்தியார் வேலை பார்க்கும் மகன் செபஸ்தி வள்ளத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்கிறான், அப்பா அசையவில்லை. குரூஸ் மிக்கேலிடமிருந்து வள்ளத்தைக் கழித்துப் பாருங்கள், அங்கே ஒரு மனிதர் மிஞ்சமாட்டார். குடிக்கிற, கோபப்படுகிற ஒரு கிழவர்தான் மிஞ்சுவார். சொந்த வள்ளம் உள்ளவனுக்குக் கரையில் ஒரு பெயர். இன்னொருவன் கட்டுமரத்தில் ஏறிப் பங்குக்குப் போகிறவனுக்கு வேறு பெயர். அந்த இடைவெளியைத் தாண்டிக் கீழே இறங்க மாட்டேன் என்பதைத்தான் நாம் பிடிவாதம் என்று எழுதிவிடுகிறோம்.

அவர் மகள் பிலோமியின் காதலும் இப்படித்தான். சாமிதாஸ் அவளுக்குக் கிடைக்கவில்லை. வேறு எழுத்தாளர் என்றால் அவளைக் கடலில் தள்ளியிருப்பார். நம் கதைகளில் கைவிடப்பட்ட பெண்களுக்குக் கிணறும் கடலும் எப்போதும் திறந்தே இருக்கும். வண்ணநிலவன் அவளை உயிரோடு விடுகிறார். அம்மா மரியம்மையின் சிநேகிதரான வாத்தியோடு, அம்மா இறந்த பிறகு மகள் பேசிக்கொண்டிருக்கிற பக்கங்கள் தமிழில் தனி. அம்மாவைப் பற்றி ஊர் முணுமுணுத்த உறவு மகளுக்கு ஆறுதலாகிறது. இதற்கு ‘கருப்பொருள்: மன்னிப்பு’ என்று தலைப்புக் கொடுத்தால் கதை ஓடிவிடும். மன்னிக்க அங்கே எதுவும் இல்லை என்று அவள் உணர்கிறாள். அந்த உணர்வு அவளுக்கு எப்படி வந்தது என்பதை நாவல் விளக்காமல் விட்டதே அதன் பெரிய பலம்.

ஜோ டி குரூஸ் வேறு கை. உவரியில் பிறந்து கப்பல் நிறுவனங்களில் வேலை பார்த்தவர். ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது. கதை 1933 முதல் 1985 வரை போகிறது. கடலில் சிக்கிய கோத்ரா, சூசை, சிலுவை மூவரும் உயிர் பிழைக்கப் போராடுவதுதான் சட்டகம். மூத்தவர்கள் இளையவன் சிலுவை பிழைக்க வழிவிடுகிறார்கள். விமரிசகர்கள் இதைத் தியாகம் என்று எழுதினார்கள், சரிதான். ஆனால் மரத்தில் ஏறுகிறவர்களுக்குள் பங்கு வைப்பது போலவே இந்த மூத்தவர்கள் தங்கள் ஆயுளையும் பங்கு வைக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மீனைப் பகுத்த பழக்கம் கடைசி மூச்சிலும் கூடவே வருகிறது.

2013இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அவருடைய ‘கொற்கை’யில் தோணித் தலைவரான பிலிப் தண்டல் இருந்தும் நாயகன் என்று ஒருவரைச் சுட்டுவது கடினம். 1914இல் தொடங்கி நூற்றாண்டின் இறுதிவரை தோணித்தொழில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவதே அங்கே கதை. மேசைக்காரர்கள் எனப்பட்ட பரதவ மேட்டுக்குடியினரின் வீடுகள் சரிகின்றன, புதிய முதலாளிகள் எழுகிறார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல் நீளும் நாவலில் பெயர்கள் வந்துகொண்டே இருப்பது வாசகரை அலுக்கவைக்கும், எனக்கும் அலுத்தது. இரண்டாம் வாசிப்பில்தான் அந்த நெரிசலே துறைமுகம் என்று பட்டது.

ஊர்க்காரர்களும் பாத்திர ஆய்வு செய்தார்கள். ‘ஆழி சூழ் உலகு’ வெளியானதும் சொந்த மக்களிடமிருந்தே ஆசிரியருக்கு எதிர்ப்பு வந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர் “இந்தப் பாத்திரம் எதைக் குறிக்கிறது?” என்று கேட்கிற இடத்தில் கரைக்காரர் “இது யாரு?” என்று கேட்பார். இரண்டாவது கேள்வி கூர்மையானது, ஆபத்தானதும்கூட.

இனி உப்பு. உப்பு என்றதும் நமக்கு 1930இன் வேதாரண்யம் நினைவுக்கு வரும். அன்று அள்ளியவர்களின் தலைவர் பெயரும் தெரியும். தூத்துக்குடி உப்பளத்தில் தினமும் அள்ளுகிறவரின் பெயர் தெரிய 1979 வரை பொறுக்க வேண்டியிருந்தது. முந்தைய ஆண்டு ‘அலைவாய்க் கரையில்’ நாவலில் மீனவரை எழுதிய ராஜம் கிருஷ்ணன், ‘கரிப்பு மணிக’ளில் பொன்னாச்சியையும் அவள் தம்பி பச்சையையும் அளத்துக்குள் கொண்டுபோனார். கள ஆய்வு செய்து எழுதுவது அவர் வழக்கம். பாத்தி, தெப்பம், வாருபலகை, தட்டுமேடு என்ற சொற்கள் அப்படியே நாவலுக்குள் வந்தன. சில இடங்களில் மாந்தர்கள் ஆசிரியரின் குரலில் சங்க மேடைப்பேச்சு பேசுவதுண்டு. அந்தக் குறையோடு ஏற்றுக்கொள்ள வேண்டிய நாவல். உள்ளே இருந்து எழுதியவர் தூத்துக்குடிக்காரரான ஸ்ரீதர கணேசன். அவருடைய ‘உப்பு வய’லில் தலித் வாழ்வும் அளத்து உழைப்பும் ஒரே உடம்பில் இருக்கின்றன. ஆராய்ச்சிப் பக்கம் வந்தால் ஆ. சிவசுப்பிரமணியனின் ‘உப்பிட்டவரை’ துணைக்கு இருக்கிறது. உப்பை வழக்காறாகவும் வரலாறாகவும் படித்த நூல்.

கடல் நாவல்களில் பெரும்பாலும் பெண் கரையில் காத்திருப்பாள், ஆண் உள்ளே போவான். உப்பு நாவல்களில் பெண்தான் பாத்திக்குள் நிற்கிறாள். கடல் ஒரே அலையில் ஆளை எடுக்கும். எழுத்தாளருக்கு உச்சகட்டம் கைக்கு வந்துவிடும், வீரன் பிறப்பான். உப்பு அப்படிச் செய்யாது. வெண்மையின் கூச்சத்தில் கண்ணைக் கொஞ்சமாக, பாத்தி மிதிக்கிற காலைக் கொஞ்சமாக, முப்பது வருஷம் எடுத்துக்கொள்ளும். இதை எந்த அத்தியாயத்தில் உச்சமாக வைப்பது? உப்பு நாவல்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதற்கு இந்த வடிவச் சிக்கலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வெயிலுக்கு முன்னால் வாரி முடிக்க வேண்டும் என்று அளத்துப் பெண்கள் விடியலுக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். கடலுக்குப் போகிறவரும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் தருவைகுளம் பக்கமோ வெள்ளப்பட்டிப் பக்கமோ நடக்கிறார். சாலையோர டீக்கடையில் இரண்டு கூட்டமும் ஒரே பாய்லருக்கு முன்னால் நிற்கும். அந்தக் கடைக்குள் இன்னும் ஒரு நாவலும் நுழையவில்லை.