சிலம்பும் யூரர் ஆசனமும்

கண்டி மாநகரின் பத்தினி தேவாலயத்தில் இன்றும் வணங்கப்படும் கண்ணகி கற்பின் தெய்வம் மட்டுமல்லள். தமிழிலக்கியத்தின் தலைசிறந்த வழக்காளியும் அவளே. ஆயின், மாணிக்கப் பரல் என்னும் சான்றைப் பாண்டியன் கண்டது கோவலன் கொலையுண்ட பின்னரே. குற்றஞ்சாட்டிய பொற்கொல்லனே சாட்சி, அவனே கள்வன். அவனைக் குறுக்கு விசாரணை செய்வார் எவருமிலர். கோவலனுக்கோ மன்னன்முன் வாய்திறக்கவும் வாய்ப்பில்லை. மன்னன் உயிர்நீத்ததையே நீதியின் வெற்றியெனப் போற்றுவோர் பலர். நாம் அதற்கு உடன்படோம். அது மன்னனின் மாண்பு, முறைமையின் தோல்வி.

1811இல் இலங்கையில் புகுந்த யூரர் முறையை இதனோடு ஒப்பிடுவோம். இன்றைய சட்டப்படி யூரர் எழுவர். ஐவரேனும் ஒன்றுபட்டாலன்றித் தீர்ப்பில்லை. சட்டத்தை நீதிபதி எடுத்துரைப்பார். நடந்தது யாதெனத் துணிவோர் பொதுமக்கள். அவர்களும் தவறக்கூடும். எனினும், ஒருவனது மனச்சான்றை மட்டும் நம்பி உயிரைப் பணயம் வைக்காத முறை இது. முதலில் சிலம்பு உடையட்டும். தீர்ப்புப் பின்னர் வரட்டும்!