மேற்கோட் கணக்கும் புலமை நிறையும்

இக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் ஓர் இலக்கியப் பேராசிரியரது புலமையை, அவர் வெளியிட்ட கட்டுரைகளின் தொகையானும், அவற்றைப் பிறர் மேற்கோளாக எடுத்தாண்ட தொகையானும் அளந்து, பதவியும் உயர்வும் வகுக்கும் வழக்கம் பெருகியுள்ளது. அவ்வளவை பொருந்துமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

யூஜின் கார்பீல்டு என்பார் 1964 ஆம் ஆண்டில் அறிவியல் மேற்கோளடைவை வெளியிட்டார். ஒரு கருத்துப் பின்னர் யாவரால் ஆளப்பட்டதெனத் தேடிக் காண்டற்கு அது துணையாயிற்று. நம் பதிப்பாசிரியர் நூலிறுதியிற் சேர்க்கும் மேற்கோள் விளக்கம் போல்வதாகலின், அதன்கட் குற்றமின்று. தேடற்கருவியை நிறைகோலாக்கியதே குற்றம். இயற்பியலறிஞர் ஹிர்ஷ் 2005 ஆம் ஆண்டில் வகுத்த ‘எச்’ சுட்டெண் அத்தகையது. ஒருவர் இயற்றியவற்றுட் பத்து, ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாது ஆளப்படின், அவரது எண் பத்துக்குக் குறையாது. ஆகவே, இயற்றிய நூற்றொகையினை அவ்வெண் ஒருபோதும் மிகாது.

இவ்வளவையை மெய்கண்டார்பால் வைத்துக் காண்க. அவர் அருளியது பன்னிரு சூத்திரங்கொண்ட சிவஞானபோதம் ஒன்றே. வழிநூலும் சார்புநூலும் உரைகளும் நூற்றாண்டுகள் பலவாக அதனையே ஆண்டு வரினும், அவரது எண் ஒன்றைக் கடவாது.

இனி, எடுத்தாளலெல்லாம் உடன்பாடாதலும் இல்லை. சிவஞானசித்தியார்ப் பரபக்கத்துள் அருணந்தி சிவாசாரியார் உலோகாயதர் முதலியோர் கொள்கைகளை எடுத்தோதியது மறுத்தற்பொருட்டு. இலக்கண விளக்கச் சூறாவளியிற் சிவஞான முனிவர் வைத்தியநாத தேசிகர் நூலை எடுத்துக்கொண்டதும் அன்னது. எண்ணோ, மறுப்பையும் போற்றலையும் ஒரு நிறையாகவே வைக்கும்.

அற்றேல், பயனில்லாத நூல் ஆளப்படாதொழியும். ஆதலால் தாழ்ந்த எண் தாழ்ந்த புலமையைக் காட்டுமெனின், அற்றன்று. என்னை? சிவஞான முனிவர் 1785 ஆம் ஆண்டிற் சிவபதம் எய்தினர். அவரது மாபாடியம் முழுதும் அச்சேறியது இருபதாம் நூற்றாண்டிலேயாம். அதுகாறும் அதனை எடுத்தாண்டோர் சிலராயது, நூல் பலர் கைக்கு எட்டாமையானன்றிப் பொருட் குறைவானன்று.

இவ்வழக்கின் தீங்கு இளம் புலவர்பாலே விளையும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடந்தேர்ந்து பதிப்பித்தற்குப் பத்தாண்டு செலவிடுவார் எண்ணிற் பின்னடைவர். ஒரு கருத்தையே பல கட்டுரைகளாகக் கூறிடுவார் முற்படுவர். தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் அவ்வடைவுகளில் இடம்பெறாமையும் உடன் நோக்கத்தக்கது. 2015 ஆம் ஆண்டில் லெய்டன் நகரின் பெயரால் வெளிவந்த அறிக்கையின் பத்து நெறிகளுள், எண் அறிஞர் மதிப்பீட்டிற்குத் துணையாதல் வேண்டுமென்பதும், அவ்வந் நாட்டிற்குரிய ஆராய்ச்சி காக்கப்படுதல் வேண்டுமென்பதும் அடங்கும். மேனாட்டாரே இங்ஙனம் உணர்ந்து கூறியிருப்ப, நம்மவர் எண்ணையே முடிந்த முடிபாகக் கொள்ளுதல் பொருந்தாது.

ஆதலின், தமிழ்ப் புலவரைத் தேரும் அவையத்தார் முதற்கண் அவரது நூலைக் கற்பாராக. எண்ணை வேண்டுமேற் பின்னர் நோக்குவாராக.