காரணமில்லாமல் கவலைப்பட்டீர்களா?

பிள்ளை பிறந்து ஆறாவது வாரம். தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தேன் என்று குறிக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் மாமியார், மடியில் குழந்தை, கண் என் தாளில். இணையர் வண்டி நிறுத்தப் போயிருந்தார். பள்ளிக்கூடத்தில் எழுதியதைப் போலவே இந்தத் தேர்வையும் எழுதினேன். எது சரியான விடை என்பது எனக்குத் தெரியும். சிரிக்க முடிகிறதா? எப்போதும் போல. அழுகிறீர்களா? இல்லவே இல்லை. மொத்த மதிப்பெண் பூஜ்யம். இந்தத் தேர்வில் அதுதான் முதலிடம். “நல்லா இருக்கீங்கம்மா” என்றார் செவிலியர். முந்தைய இரவு மூன்று மணிக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதவள் நான்.

அந்தத் தாளுக்கு எடின்பரோ அளவுகோல் என்று பெயர். 1987இல் ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ், ஜெனிஃபர் ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி ஆகிய மூவரும் வெளியிட்டது. பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை முன்கூட்டியே அடையாளம் காண இன்று பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள், தமிழிலும் இருக்கிறது. இதைச் செய்தவர்கள் விவரமானவர்கள். உடல் அசதியைப் பற்றி ஒரு கேள்விகூட வைக்கவில்லை. பச்சைப் பிள்ளைக்காரி எவள்தான் அசதியாக இல்லை? தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்ற பத்தாவது கேள்வியை நேராகவே கேட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் யாரும் கேட்காத கேள்வி அது.

என் சிக்கல் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கேள்விகளோடு. தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா, தகுந்த காரணமில்லாமல் கவலைப்பட்டீர்களா, பெரிய காரணமேதும் இல்லாமல் பயந்தீர்களா என்பது இவற்றின் சாரம். பதற்றத்தை அளக்க ஆய்வாளர்கள் தனியாகப் பிரித்து எடுப்பதும் இந்த மூன்றைத்தான். மூன்றிலும் ஒரே நிபந்தனை: காரணம் இருக்கக் கூடாது. தகுந்த காரணம் எது என்று யார் முடிவு செய்வது?

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. 359 கர்ப்பிணிகளைச் சந்தித்து, பேற்றுக்குப் பிறகும் விசாரித்தார்கள். புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காடு. அதற்கு வழிவகுத்தவை என்று ஆய்வு அடையாளம் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவில் விரிசல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்குத் துணையில்லாதது. பெண் பிறந்ததும் பேச்சு நின்றுபோன ஒரு வீட்டில், இனி என்ன ஆகும் என்று ஒருத்தி கவலைப்படுகிறாள். “காரணமில்லாமல் கவலைப்பட்டீர்களா?” என்று கேட்டால் அவள் நேர்மையாக எழுத வேண்டிய பதில் “இல்லை.” காரணம் இருப்பதாலேயே அவளுடைய கவலை கணக்கில் வராமல் போகக்கூடும்.

எதையும் குறையில்லாமல் செய்தாக வேண்டும் என்று தன்னை வாட்டிக்கொள்வதை பெர்ஃபெக்‌ஷனிசம் என்கிறோம். பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் என்ற இரு உளவியலாளர்கள் 1991இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் குறையின்மையை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. புதுத் தாய்மாருக்கான அறிவுரைகள் பெரும்பாலும் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன: உன்னிடம் நீயே கனிவாக இரு, உன் அளவுகோலைத் தளர்த்து. மூன்றாவதை ‘நம்பிக்கை’ என்றே சொல்கிறார்கள். நம் ஊரில் அது நம்பிக்கை இல்லை, முகத்துக்கு நேரே வந்து விழும் சொல். “பால் பத்தல போல, பிள்ளை எளச்சிருக்கு.” “நாங்கள்லாம் நாலு பெத்துட்டு வயலுக்குப் போனோம்.” இதைச் சொல்கிறவர்களும் இதே தேர்வை எழுதித் தேறியவர்கள்தான், விடைத்தாள் திருத்தும் வேலை இப்போது அவர்களிடம் வந்திருக்கிறது.

பிள்ளைக்கு எட்டு மாதமானபோது தெரபிக்குப் போனேன். என்னைக் காப்பாற்றியது அதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கும் நான் முதல் பெஞ்சு மாணவிதான். வீட்டுப்பாடமாகக் கொடுத்த குறிப்பேட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் மறுபடி நகலெடுத்துக் கொண்டுபோனேன். ஒரு வாரம் இப்படி ஒரு பயிற்சி: ஒரு வேலையை வேண்டுமென்றே அரைகுறையாக விடு, என்ன நடக்கும் என்று பயப்படுகிறாயோ அதை எழுது, உண்மையில் என்ன நடந்தது என்பதையும் எழுது. பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்காது என்று நாமே கண்டுகொள்வதற்கான பயிற்சி. ராத்திரிப் பாத்திரத்தைக் கழுவாமல் விட்டேன். காலையில் என் அம்மாவுக்கு ஃபோன் போயிருந்தது. “ஏண்டி, என் மானத்தை வாங்குற?” என்று அம்மா அழுதாள். நான் பயந்தது அப்படியே நடந்தது. என் பயத்துக்குக் காரணம் இருந்தது.

இதைச் சொன்னதும் தெரபிஸ்ட் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வாங்க” என்றார். வந்தவருக்கும் வீட்டுப்பாடம் கிடைத்தது: ராத்திரிப் பாத்திரம். கழுவினார். சரியாகத் தேய்க்காத குக்கரைப் பார்த்தும் உறவினர்கள் “தங்கமான மாப்பிள்ளை” என்றார்கள். அவருக்கு யாரும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. தேறிவிட்டதாக மட்டும் அறிவித்தார்கள்.

குடும்பத்தையும் சேர்த்துக்கொண்ட சிகிச்சை பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. பாகிஸ்தானின் கிராமங்களில் அதிஃப் ரஹ்மானும் அவர் குழுவினரும் ஊர்ச் சுகாதாரப் பணியாளப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2008இல் முடிவுகள் வெளியாயின. கர்ப்பத்திலேயே மனச்சோர்வில் இருந்த தாய்மாரில், பேறு முடிந்த ஆறாம் மாதத்தில் இன்னும் அதிலிருந்தவர்கள் இந்தச் சிகிச்சை பெற்றவர்களிடையே 23 விழுக்காடு, பெறாதவர்களிடையே 53. ஆனால் அந்த வீடுகளின் கதவு திறந்தது குழந்தையின் நலம் என்ற சாவியால். அந்தத் தந்திரம் எனக்குப் புரிகிறது, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் உறுத்துகிறது. பிள்ளைக்காக என்று சொன்னால்தான் ஒரு பெண்ணின் துயரத்துக்கு வைத்தியமா?

தெரபி வேண்டாம் என்பது என் வாதமல்ல. பத்தாவது கேள்விக்கு உங்கள் பதில் ‘ஆம்’ என்றால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம். நான் கேட்பது சின்ன மாற்றங்கள். அந்தத் தாளை நிரப்பும் பத்து நிமிடமாவது அவளைத் தனியாக உட்கார வையுங்கள். வண்டி நிறுத்தப் போனவர் திரும்பி வந்ததும் அவரிடமும் ஒரு தாள் கொடுங்கள். ‘காரணமில்லாமல்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு வரி எழுத இடம் விடுங்கள். அன்று அந்த இடம் இருந்து, பக்கத்து நாற்காலி காலியாக இருந்திருந்தால், எனக்கு இரண்டு வரி போதாமல் போயிருக்கும்.