பயன்பாட்டுவாதமும் சேதராப்பட்டு நிலமும்

மிகப் பலருக்கு மிகுந்த நன்மை தரும் செயலே அறம் என்பது பயன்பாட்டுவாதம். ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக வகுத்தார்.

புதுச்சேரியின் சேதராப்பட்டு, கரசூர் பகுதிகளில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக 700 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கப்பட்டது. பலருக்கு வேலை கிடைக்கும் என்பதே நியாயம். நிலமோ பத்தாண்டுக்கு மேல் வெறுமனே கிடந்தது.

கணக்குத்தான் பிழை, கொள்கை பிழையன்று எனலாம். ஆனால் கணக்குத் தவறினால் விலை கொடுப்பவர் கணக்குப் போட்டவர் அல்லர், நிலம் இழந்தவரே. இதைக் கொள்கை கவனிப்பதில்லை.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுக்க, பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதலைக் கேட்கிறது. இது முன்னேற்றமே. எனினும் மறுக்கும் 20 விழுக்காட்டினரை அச்சட்டமும் எண்ணிக்கையால்தான் வெல்கிறது.