காசநோய்ச் சோதனையும் ஒற்றைச் சொல் முடிவும்

மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் நம் மாணவர்களிடம் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் காசநோய்ச் சோதனைச் சான்று கேட்கின்றன. இந்நோய் மிகுந்த நாடுகளில் பிறந்தவர்களும் நெடுநாள் தங்கியவர்களும் இதற்கு உட்பட வேண்டும். இவ்விதி நம்மை இழிவுபடுத்துகிறது என்று சிலர் குறைகூறுகின்றனர். அது சரியன்று. காசநோய் காற்றின் வழியே பரவுவது. விடுதி அறையில் நெருங்கி வாழும் மாணவரிடையே அதை முன்னரே கண்டறிவது அவர்களுக்கே நன்மை. குறை, விதியில் இல்லை. எந்தச் சோதனையைச் செய்கிறார்கள், முடிவை எப்படிச் சொல்கிறார்கள் என்பதில்தான் உள்ளது.

முதலில் மாண்டோ தோல் சோதனையைப் பார்ப்போம். டியூபர்குலின் என்னும் பொருளைச் சிறிதளவு முன்கைத் தோலுக்குள் செலுத்துவர். 48 முதல் 72 மணி நேரத்திற்குள், அவ்விடத்தில் தோன்றும் கெட்டியான தடிப்பின் குறுக்களவை அளப்பர். சுற்றியுள்ள சிவப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

இரு மாணவர்களுக்குத் தடிப்பு 12 மி.மீ. என்று கொள்வோம். ஒருவர் அண்மையில் இந்தியாவிலிருந்து சென்றவர். மற்றவர் தொற்றுக்கான வாய்ப்பு ஏதுமில்லாத அமெரிக்கர். அந்நாட்டு வழக்கப்படி முன்னவருக்கு எல்லை 10 மி.மீ.; பின்னவருக்கு 15 மி.மீ. எனவே அளவு ஒன்றேயாயினும் முன்னவர் 'பாசிட்டிவ்', பின்னவர் 'நெகட்டிவ்'! இது பாரபட்சமன்று. தொற்று அரிதான இடத்தில் 12 மி.மீ. தடிப்புக்கு வேறு காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம். தொற்று மிகுந்த இடத்தில் தொற்றே காரணமாயிருக்கக்கூடும். ஆனால் படிவத்தில் எண் இருந்தாலும் மாணவர் காதில் விழுவது 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல்தான். எல்லையைச் சொல்லாத முடிவு, அலகு எழுதாத விடையைப் போன்றது.

அடுத்து, நம் நாட்டில் குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி. தடுப்பூசி போடுகிறோம். அதன் விளைவாகவும் தோல் தடிக்கலாம். ஆண்டுகள் செல்ல இவ்விளைவு குறையும், சிலரிடம் நீடிக்கும். காமா இன்டர்ஃபெரானை அளக்கும் இரத்தச் சோதனைக்கு இக்குறை இல்லை. அதில் பயன்படும் புரதங்கள் பி.சி.ஜி. கிருமியில் இல்லாதவை. தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கு இரத்தச் சோதனையே ஏற்றது என அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் கூறுகிறது. ஆகவே தோல் சோதனையை மட்டும் கொண்டு நம் மாணவரை மதிப்பிடுவது பொருந்தாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. இவ்விரு சோதனைகளும் நோயைக் காட்டுவன அல்ல. கிருமி உடலில் புகுந்ததற்கான அடையாளத்தையே காட்டுவன. தொற்று உள்ளவர்களில் ஏறத்தாழ 100-க்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் உண்டாகிறது. உறங்கும் தொற்று பிறருக்குப் பரவாது. நோய் உள்ளதா என அறிய எக்ஸ்-கதிர்ப் படமும், தேவையானால் சளிப் பரிசோதனையும் வேண்டும். நோய் இல்லையெனில் தடுப்பு மருந்து உட்கொள்ளலாம். இதை விளக்காமல் 'பாசிட்டிவ்' என்று மட்டும் கூறினால், மாணவர் தம்மை நோயாளி என எண்ணி அஞ்சுவார். உடன் தங்குபவரும் விலகுவார்.

'நெகட்டிவ்' என்பதும் நிலையான நற்சான்று அன்று. கிருமி புகுந்து 2 முதல் 8 வாரங்கள் சென்ற பின்னரே சோதனை அதைக் காட்டும். எனவே இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், பழைய சான்றை நம்பியிராமல் மருத்துவரை அணுக வேண்டும்.

சான்று கேட்கும் பல்கலைக்கழகங்கள் அதனுடன் ஒரு பக்க விளக்கத்தையும் அனுப்பட்டும். அளவீட்டின் பொருளை உணர்ந்த மாணவர், அதன் முடிவைக் கண்டு அஞ்சமாட்டார், அலட்சியமும் செய்யமாட்டார்.